குடல் புற்றுநோய் ஆபரேஷன்: உயிருக்கு எவ்வளவு ஆபத்து என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மயக்க மருந்து மருத்துவர். தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நோயாளிகளை ஆபரேஷனுக்கு முன் பரிசோதித்து "ஃபிட்னஸ்" கொடுப்பது என் வேலையில் ஒரு பகுதி. பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்து வரும் குடும்பங்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். வராந்தாவில் நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில்கள் இல்லை என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன். உங்கள் நோயாளிக்கான முடிவை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும். அவரிடம் என்ன கேட்பது, எப்போது கேட்பது என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

ஆபரேஷன் செய்தால் பிழைப்பாரா, மாட்டாரா? நேராகச் சொல்லுங்கள்.

பெரும்பாலோர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். ஆனால் ஆபத்து ஆளுக்கு ஆள் வெகுவாக மாறும்.

இங்கிலாந்தில் 1998 முதல் 2006 வரை குடல் புற்றுநோய்க்காகப் பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட சுமார் 1,60,000 பேரின் பதிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 30 நாளுக்குள் இறந்தவர்கள் 6.7 சதவீதம். அதே கூட்டத்தில் 80 வயதைத் தாண்டியவர்களை மட்டும் எடுத்தால் 15 சதவீதம். அவசரமாக ஆபரேஷன் ஆனவர்களில் 14.9 சதவீதம். இதயம், சிறுநீரகம், நுரையீரல் என்று பல நோய்களைச் சேர்த்துச் சுமந்தவர்களில் 24 சதவீதம். அப்படியானால் வேறு நோய் இல்லாமல், தேதி குறித்துக்கொண்டு வந்த நடுத்தர வயதுக்காரருக்கு ஆபத்து அந்தச் சராசரியைவிட மிகக் குறைவு என்பது தெரிகிறது அல்லவா?

இது பழைய கணக்கு. அதற்குப் பிறகு மயக்க மருந்து, தீவிர சிகிச்சை, ஆபரேஷன் முறை எல்லாமே முன்னேறிவிட்டன. அதே இங்கிலாந்தில் இப்போது திட்டமிட்ட ஆபரேஷனுக்குப் பின் 90 நாளுக்குள் இறப்பவர்கள் நூறில் சுமார் இரண்டு பேர் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறார்கள். அவசர ஆபரேஷனில் மட்டும் அது இன்னமும் பல மடங்காகவே இருக்கிறது. இதைப் பற்றிக் கீழே நிறையச் சொல்லப் போகிறேன்.

இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

பல முறைகள் உண்டு. 1991-ல் பிரிட்டனில் பாஸம் என்ற பொதுவான கணக்கு முறை வந்தது. நோயாளியின் உடல்நிலை பற்றி 12 விவரம், ஆபரேஷன் பற்றி 6 விவரம் என்று மொத்தம் 18 விவரங்களை வைத்து ஆபத்தைச் சொன்னது. ஆபத்து குறைவாக உள்ளவர்களுக்கும் அது அதிகமாகக் காட்டியதால் கணக்கைத் திருத்தினார்கள். அப்புறம் 2004-ல் குடல் ஆபரேஷனுக்கென்றே 10 விவரங்களோடு சிஆர்-பாஸம் வந்தது. பிரிட்டனின் 15 மருத்துவமனைகளில் ஏறக்குறைய 6,900 நோயாளிகளின் விவரங்களைக் கொண்டு உருவாக்கப்பட்டது அது.

உடல்நிலைக்கு ஆறு விவரங்கள்: வயது, இதயச் செயலிழப்பு, ரத்த அழுத்தத்தின் மேல் எண், நாடித்துடிப்பு, யூரியா, ஹீமோகுளோபின். ஆபரேஷனுக்கு நான்கு: எவ்வளவு பெரிய ஆபரேஷன், வயிற்றுக்குள் சீழோ மலமோ கசிந்திருக்கிறதா, திட்டமிட்டதா அவசரமா, புற்றுநோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் புள்ளி உண்டு. வயது 60 வரை 1 புள்ளி, 80-ஐத் தாண்டினால் 8. ஹீமோகுளோபின் 13 முதல் 16 வரை இருந்தால் 1, 10-க்குக் கீழே போனால் 3. திட்டமிட்ட ஆபரேஷனுக்கு 1, உடனடி அவசரத்துக்கு 8.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். கற்பனை மனிதர்தான்: பாலக்கோடு பக்கத்து விவசாயி, 65 வயது, இதயம் நன்றாக இருக்கிறது, ரத்த அழுத்தமும் நாடியும் யூரியாவும் சரி, ஆனால் ஹீமோகுளோபின் 9. புற்றுநோய் நிணநீர்க் கணுக்கள் வரை பரவியிருக்கிறது. தேதி குறித்து ஆபரேஷனுக்குப் போனால் கணக்கு காட்டும் ஆபத்து நூறில் மூன்று அல்லது நான்கு. இதே மனிதர், இதே கட்டி, குடல் அடைத்துக்கொண்டு நள்ளிரவில் அவசரமாக மேசைக்கு வந்தால் அது நூறில் இருபதுக்கு மேல் போய்விடும். மாறியது ஒரே ஒரு விவரம். பெரும்பாலோர் வயதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறார்கள். இந்தக் கணக்கில் 80 வயதைத் தாண்டுவதற்கும் அவசரமாக வருவதற்கும் ஒரே புள்ளிதான்.

அவசர ஆபரேஷனில் ஆபத்து ஏன் இவ்வளவு கூடுகிறது?

குடல் அடைத்துக்கொண்டால் வயிறு உப்பும், வாந்தி வரும், உடம்பிலுள்ள நீரும் உப்புகளும் குடலுக்குள் தேங்கிவிடும். ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீரகம் தளரும். மயக்கம் கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போகும் அபாயம் உண்டு. குடல் ஓட்டையாகிவிட்டால் மலம் வயிற்றறைக்குள் பரவி, கிருமி ரத்தத்தில் கலந்து, சில மணி நேரத்தில் ஆளையே சாய்த்துவிடும். இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போதுதான் நாங்கள் ஆபரேஷன் செய்கிறோம். ரத்தம் ஏற்றி, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, இதயத்துக்கு எக்கோ எடுத்துப் பார்க்க நேரம் கிடைப்பதில்லை.

நம் பக்கத்தில் இந்த அவசர நிலைக்கு வருகிறவர்களில் பலருக்கு மாதக்கணக்கில் மலத்தில் ரத்தம் போயிருக்கும். அதை "மூலம்" என்று நினைத்து மூல வைத்தியம், பௌத்திர வைத்தியம் என்று போர்டு மாட்டிய இடங்களில் களிம்பும் பொடியும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். சுவரெங்கும், பஸ் ஸ்டாண்டு கழிப்பறைக் கதவு வரைக்கும் அந்த விளம்பரங்கள்தான். மூலம் உள்ளவருக்குப் புற்றுநோய் வராது என்று எந்த விதியும் இல்லை; இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். நாற்பது வயதைத் தாண்டியவருக்கு மலத்தில் ரத்தம் போனால், மலம் கழிக்கும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையாவது செய்ய வேண்டும். இரண்டு நிமிட வேலை அது. மலக்குடல் கட்டிகளில் நிறைய அந்த விரலுக்கே எட்டிவிடும். கூச்சத்தால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறு மாதம் கழித்து வயிறு உப்பிய நிலையில் 108 வண்டியில் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனது மிகவும் கனத்துப்போகிறது.

இன்னொன்று. வயதான ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ரத்தச் சோகை என்று தெரிந்தால் சத்து மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள். வலது பக்கப் பெருங்குடலில் உள்ள கட்டி வெளியே தெரியாமல் சொட்டுச் சொட்டாக ரத்தத்தை இழக்க வைக்கும். சோகைதான் அதன் முதல் அறிகுறியாகப் பல பேருக்கு இருக்கும்.

ஹீமோகுளோபினை ஏற்றிவிட்டால் ஆபத்து குறைந்துவிடுமா?

மேலே சொன்ன 65 வயதுக்காரருக்கு ஹீமோகுளோபின் 13 என்று மாற்றிப் போட்டால் கணக்கில் ஆபத்து நூறில் இரண்டுக்குக் கீழே இறங்கும். ஆனால் காகிதத்தில் எண் இறங்குவதும் மனிதருக்கு ஆபத்து இறங்குவதும் ஒன்றல்ல. சோகை உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்பது உண்மை. அந்தச் சோகைக்குப் பின்னால் முற்றிய நோயும், ஊட்டக்குறைவும், சிறுநீரகக் கோளாறும் இருக்கலாம். பிரிட்டனில் 2020-ல் வெளியான ஒரு பெரிய பரிசோதனையில், பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு முன் நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் கூடியது, ஆனால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவையோ இறப்போ குறையவில்லை.

அதனால் சோகையைச் சரி செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவகாசம் இருந்தால் சரி செய்துவிட்டே போகலாம். அதை மட்டும் செய்துவிட்டு "இனி பயமில்லை" என்று இருந்துவிடக் கூடாது.

செல்போனில் இந்தக் கணக்கை நாங்களே போட்டுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். தடை இல்லை. ஆனால் ஒரு பெரிய குழி இருக்கிறது: அளவுகள்.

நம் ஊர் லேப் ரிப்போர்ட்டில் யூரியா ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வரும். 40 வரை சாதாரணம். பிரிட்டிஷ் கணக்கில் யூரியாவை லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று கேட்பார்கள். நம் 40 அங்கே ஏழுக்கும் குறைவு. அரூரிலோ ஊத்தங்கரையிலோ எடுத்த ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே 40 என்று தட்டினால், சிறுநீரகம் பழுதான ஆளுக்கு உரிய முழுப் புள்ளியும் ஏறிவிடும். நம் அளவை ஆறால் வகுத்துப் போட வேண்டும். ஹீமோகுளோபினிலும் இதே சிக்கல்: நாம் 12 என்பதை அங்கே 120 என்று எழுதுவார்கள். இப்படித் தப்பாகப் போட்ட எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இரவெல்லாம் தூங்காமல் மறுநாள் காலை வந்து நிற்கிற மகன்களை, மகள்களைப் பார்க்கிறேன்.

அமெரிக்க அறுவை மருத்துவர்கள் கல்லூரி 2013-ல் வெளியிட்ட கணக்கியும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் இறப்போடு சேர்த்து நிமோனியா, காயத்தில் கிருமி, மீண்டும் ஆபரேஷன் செய்ய வேண்டிவருவது போன்றவற்றின் வாய்ப்பையும் காட்டுகிறார்கள். எதைப் பார்த்தாலும் உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

வெளிநாட்டுக்காரர்களின் கணக்கு நம்ம ஊர் ஆட்களுக்குப் பொருந்துமா?

யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் ஓரளவு நன்றாகவே பொருந்தும். துல்லியமாக நூறில் எத்தனை என்பதில்தான் தவறும். சிஆர்-பாஸம் 1990-களின் நோயாளிகளை வைத்து உருவானது. இன்றைய நல்ல மருத்துவமனையில் அது ஆபத்தைக் கூடுதலாகவே காட்டும். அதே சமயம் இரவில் ஸ்கேன் எடுக்க வழியில்லாத, தீவிர சிகிச்சைப் படுக்கை கிடைக்காத இடத்தில் உண்மையான ஆபத்து கணக்கைவிட அதிகமாகலாம். எந்தக் கணக்கையும் அந்தந்த ஊரின் சொந்தப் பதிவுகளோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டுதான் பயன்படுத்த வேண்டும்.

பிரிட்டிஷ் பட்டியலில் வராத நம் மாவட்டத்து விஷயம் ஒன்று உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் ஃபுளோரைடு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரையே பல ஆண்டு குடித்து வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். பற்கறை மட்டும் இல்லை, சிலருக்கு முதுகெலும்பும் கழுத்தும் இறுகிப்போயிருக்கும். முதுகில் ஊசி போட்டு வலியை மரக்கச் செய்வதும், மூச்சுக்குழாய் வைப்பதும் அவர்களுக்குக் கடினம். எந்தக் கணக்கியும் இதைக் கேட்காது. குனிய முடியவில்லை, கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்றால் நீங்களாகவே எங்களிடம் சொல்லிவிடுங்கள்.

"நூறில் பத்து" என்று சொன்னார்கள். எங்கள் அப்பாவுக்கு அதன் பொருள் என்ன?

உங்கள் அப்பாவைப் போலவே வயது, நோய், ரத்த அளவுகள் உள்ள நூறு பேருக்கு இதே ஆபரேஷன் செய்தால் பத்துப் பேர் இறப்பார்கள், தொண்ணூறு பேர் பிழைப்பார்கள். அப்பா அந்தப் பத்தில் ஒருவரா, தொண்ணூறில் ஒருவரா என்று எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. இரண்டு பக்கத்தையும் சேர்த்தே கேளுங்கள். "பத்துப் பேர் இறப்பார்கள்" என்று மட்டும் கேட்டவர் பயந்து ஓடுகிறார், "தொண்ணூறு பேர் பிழைப்பார்கள்" என்று மட்டும் கேட்டவர் எதற்கும் தயாராகாமல் வருகிறார்.

இன்னொரு குழப்பமும் அடிக்கடி நேர்கிறது. இந்த எண் ஆபரேஷனைத் தாண்டுவது பற்றியது. 30 நாள் அல்லது 90 நாள் கணக்கு. புற்றுநோய் திரும்ப வருமா, ஐந்து வருடம் இருப்பாரா என்பது வேறு கணக்கு. அது பெரும்பாலும் நோயின் கட்டத்தைப் பொறுத்தது. மருத்துவர் எதைச் சொல்கிறார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஆபரேஷன் ஆபத்து நூறில் ஐந்து என்று ஒருவர் சொன்னதை, "ஐந்து சதவீதம்தான் பிழைக்க வாய்ப்பாம்" என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்ட உறவினர்கள் உண்டு.

தாத்தாவுக்கு 82 வயது. இந்த வயதில் ஆபரேஷன் தேவையா?

வயது ஒரு காரணம், ஆனால் வயது மட்டும் போதாது. தினமும் காலையில் மாட்டுக்குத் தீவனம் போட்டு, தோட்டம் வரை நடந்து திரும்பும் 82 வயதுக்காரரும், ஒரு வருடமாகக் கட்டிலை விட்டு இறங்காத 70 வயதுக்காரரும் ஒன்றல்ல. உடல் தளர்ச்சி எவ்வளவு என்பதை நாங்கள் தனியாகவே பார்க்கிறோம்: தானாகக் குளிக்கிறாரா, ஆறு மாதத்தில் எடை எவ்வளவு குறைந்தது, அடிக்கடி விழுகிறாரா, ஞாபகம் எப்படி.

ஆபரேஷனை ஒத்துக்கொள்வதா என்று யோசிக்கும்போது, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் கேட்டே தீர வேண்டும். குடலில் வளரும் கட்டி சும்மா இருக்காது. அடைக்கும், அல்லது ரத்தம் கசியும். இன்று திட்டமிட்டுச் செய்ய மறுத்த ஆபரேஷன் இரண்டு மாதம் கழித்து அவசர ஆபரேஷனாக வரலாம். சிலருக்கு முழு ஆபரேஷன் தாங்காது என்றால், கட்டிக்கு மேலே குடலை வெளியே எடுத்துப் பை வைப்பது, அடைப்புக்குள் ஸ்டென்ட் என்ற விரியும் வலைக்குழாய் வைப்பது போன்ற சிறிய வழிகள் உண்டு. வலியைக் குறைத்து நிம்மதியாக வைத்திருக்கும் ஆதரவு சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பதும் மரியாதைக்குரிய முடிவுதான். அதைத் தாத்தாவே சொல்ல வேண்டும்.

ஃபைலில் "ஏ.எஸ்.ஏ. 3" என்று எழுதியிருக்கிறார்களே?

அது மயக்க மருந்து மருத்துவர்கள் போடும் உடல்நிலை வகுப்பு. 1 என்றால் ஆரோக்கியம், 2 என்றால் லேசான நோய், 3 என்றால் அன்றாட வாழ்வைப் பாதிக்கும் அளவுக்கு நோய், 4 என்றால் உயிருக்கு எப்போதும் மிரட்டலாக இருக்கும் நோய். எளிமையான அளவுகோல்; ஆனாலும் ஆபத்தைச் சொல்வதில் வியக்கத்தக்க அளவுக்குச் சரியாக வரும்.

படி ஏறச் சொல்லிப் பார்க்கிறார்கள். எதற்கு?

நிற்காமல் இரண்டு மாடி ஏற முடிகிறவரின் இதயமும் நுரையீரலும் பெரிய ஆபரேஷனைத் தாங்கும் வாய்ப்பு அதிகம். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் "தாங்குவார்" என்று மருத்துவர் மனதில் போடும் கணக்கு அடிக்கடி தவறுகிறது என்பது 2018-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வில் தெரிந்தது. எனவேதான் என்னென்ன வேலை செய்ய முடிகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறோம். தண்ணீர்க் குடம் தூக்குவீர்களா, மேட்டில் ஏறுவீர்களா, களை எடுப்பீர்களா? "எல்லாம் செய்வார் சார்" என்று பிள்ளைகள் குறுக்கே பதில் சொல்ல வேண்டாம். அவரே சொல்லட்டும்.

ஆபரேஷன் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை நாங்கள் என்ன செய்வது?

இந்தக் கேள்வியைக் கேட்கிற குடும்பத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும். வயதையும் நோயின் கட்டத்தையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடியவை வேறு நிறைய இருக்கின்றன.

பீடி, சிகரெட்டை இன்றே நிறுத்த வேண்டும். நான்கு வாரமோ அதற்கு மேலோ கிடைத்தால் நுரையீரலுக்கும் காயம் ஆறுவதற்கும் நல்ல பலன். ஒரு வாரம்தான் இருக்கிறது என்றாலும் நிறுத்துவதே மேல். தினமும் குடிப்பவராக இருந்தால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். மனைவி எதிரில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் கை நடுங்கி, புலம்பி, குழாய்களைப் பிடுங்குகிறவருக்கு அது குடி நின்றதால் வந்ததா, உள்ளே தையல் விட்டதால் வந்ததா என்று கண்டுபிடிக்கும் நேரத்தில் பொன்னான மணிகள் போய்விடும்.

காலையும் மாலையும் மூச்சு லேசாக வாங்கும் அளவுக்கு நடக்கட்டும். மூன்று பந்து வைத்த மூச்சுப் பயிற்சிக் கருவியை ஆபரேஷனுக்கு முன்பே வாங்கிப் பழகட்டும். வயிற்றில் தையலோடு வலியில் இருப்பவருக்கு அப்போது புதிதாகக் கற்றுக்கொடுப்பது கஷ்டம்.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. ராகிக் களியும் கீரையும் நம் பக்கத்துக்குப் பெருமையான உணவு, சத்தும் நிறைய. ஆனால் கட்டியால் குடல் குறுகியிருந்தால் நார் மிகுந்த உணவு அந்த இடத்தில் அடைத்துக்கொள்ளும். கேமராவால் குடலுக்குள் பார்க்கும் கொலோனோஸ்கோப்பிக் குழாய் கட்டியைத் தாண்டி உள்ளே போனதா என்று மருத்துவரைக் கேளுங்கள். போகவில்லை என்றால் களி, கீரை, கொய்யா, முழுப் பயறு இவற்றைத் தள்ளிவைத்து, குழைந்த சோறு, முட்டை, தயிர், பருப்புத் தண்ணீர், மீன் என்று புரதம் குறையாமல் கொடுக்க வேண்டும்.

மாத்திரைகள் எல்லாவற்றையும், அட்டையோடு, ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்த வேண்டியிருக்கும். டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளை மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்த வேண்டும். தொடர்ந்தால் சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரியும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறலாம். இவற்றை மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும், நீங்களாக அல்ல. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர்கள் எழுதித் தந்த ரத்த அழுத்தம், சர்க்கரைக் குறிப்புகள் இருந்தால் அவற்றையும் கொண்டு வாருங்கள். அந்தத் திட்டம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பயத்தில் ஏறிய ஒரு நாள் அளவைவிட, மாதக்கணக்கில் வீட்டில் எடுத்த அளவு எங்களுக்கு அதிகம் பயன்படும்.

"ஹை ரிஸ்க்" என்று கையெழுத்து வாங்குகிறார்கள். கைகழுவுகிறார்களா?

இல்லை. அப்படி நினைக்க வைத்தது எங்கள் தரப்பின் அவசரம்தான். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் ஒரு பேப்பரை நீட்டி "ஏதாவது ஆனால் நாங்கள் பொறுப்பில்லை" என்கிற தொனியில் பேசினால் யாருக்குத்தான் நெஞ்சு பதறாது?

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், முடிந்தால் முந்தின நாளே, இவற்றைக் கேளுங்கள். எந்தக் காரணத்தால் ஹை ரிஸ்க்? நூறில் எத்தனை என்று கணக்கிட்டீர்களா? அந்தக் காரணத்தில் எதையாவது ஒன்றிரண்டு வாரத்தில் சரி செய்ய முடியுமா? ஆபரேஷன் முடிந்ததும் ஐ.சி.யூ.வில் வைப்பீர்களா? கடைசிக் கேள்வி முக்கியமானது. இங்கிலாந்தில் அவசர வயிற்று ஆபரேஷன்களில் கணக்கிட்ட ஆபத்து நூறில் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் மூத்த மருத்துவர்களே நேரில் நின்று செய்ய வேண்டும், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஆபத்தை எண்ணாகக் கணக்கிடுவதன் உண்மையான பயன் அதுதான். யாருக்குக் கூடுதல் கவனிப்பு என்று அது முடிவு செய்ய வைக்கிறது.

அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். எங்களிடம் மட்டும் சொல்லுங்கள்.

இதைக் கேட்கிறவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் சுயநினைவோடு இருக்கும் பெரியவரின் உடம்பில் ஆபரேஷன் செய்ய அவருடைய சம்மதம்தான் வேண்டும், அதுவும் ஆபத்துகளைச் சொன்ன பிறகு கிடைத்த சம்மதம். உச்ச நீதிமன்றம் 2008-ல் சமீரா கோலி வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. எவ்வளவு விவரம் வேண்டும் என்பதை அவர் தேர்ந்தெடுக்கலாம். "எண்ணெல்லாம் வேண்டாம்ப்பா, பெரியவன்கிட்ட பேசிக்கோங்க" என்று அவரே சொன்னால் சரி. நீங்களாக முடிவு செய்யக் கூடாது. நிலம் பங்கு பிரிப்பது, பேத்தி கல்யாணம், யாரிடமோ வாங்கிய கடன் என்று அவருக்கு முடிக்க வேண்டிய காரியங்கள் இருக்கலாம்.

இங்கேயே செய்துகொள்ளலாமா, பெங்களூருக்கோ சேலத்துக்கோ போக வேண்டுமா?

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்காரர்கள் பெங்களூருக்குப் போகிறார்கள், தருமபுரிக்காரர்கள் தொப்பூர் கணவாய் தாண்டிச் சேலம் போகிறார்கள், சிலர் வேலூர், அடையாறு வரை போகிறார்கள். தருமபுரியிலும், 2022 முதல் கிருஷ்ணகிரி போலுப்பள்ளியிலும் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஊர்ப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

"அந்த ஆஸ்பத்திரியில் இத்தனை பேர் செத்தார்களாம்" என்பதை வைத்தும் வேண்டாம். எங்கும் ஏற்காத கடினமான நோயாளிகளை ஏற்கும் இடத்தில் இறப்பு அதிகமாகத்தான் தெரியும். பாஸம் கணக்கே முதலில் இதற்காகத்தான் உருவாக்கப்பட்டது: வந்த நோயாளிகளின் நிலைக்கு எத்தனை இறப்பு எதிர்பார்க்கலாம், நடந்தது எத்தனை என்று ஒப்பிட்டு, மருத்துவமனை தன்னைத் தானே சோதித்துக்கொள்ள.

கேட்க வேண்டியது இவைதான்: குடல் புற்றுநோய் ஆபரேஷன் இங்கே வழக்கமாக நடக்கிறதா? இரவு இரண்டு மணிக்குச் சி.டி. ஸ்கேன் எடுக்க முடியுமா? தையல் விட்டால் அந்த இரவிலேயே மீண்டும் ஆபரேஷன் செய்ய ஆள் இருக்கிறார்களா? ரத்த வங்கி? சிக்கல்கள் எல்லா மருத்துவமனையிலும் வரும். வந்த சிக்கலை எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடித்துக் காப்பாற்றுகிறார்கள் என்பதில்தான் நல்ல இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் வித்தியாசம்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. நீங்கள் போகிற மருத்துவமனையில் அது செல்லுமா என்று, குறிப்பாக மாநில எல்லை தாண்டுவதற்கு முன், விசாரித்துவிடுங்கள்.

வயிற்றில் பை வைப்பார்களா? அது ஆபத்தைக் கூட்டுமா?

எல்லோருக்கும் வைப்பதில்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதி ஆபரேஷனிலும், அவசர ஆபரேஷனிலும் வைக்கும் வாய்ப்பு அதிகம். குடலை இணைத்த இடம் கசிந்தால் அது உயிருக்கே ஆபத்து. பை அந்த ஆபத்தின் கடுமையைக் குறைக்கத்தான். பலருக்குச் சில மாதத்தில் எடுத்துவிடலாம்.

டிஸ்சார்ஜ் ஆகிவிட்டார். இனி பயமில்லையே?

பெரும் பகுதி கடந்துவிட்டது. ஆனால் 30 நாள், 90 நாள் என்று கணக்கு வைப்பதற்குக் காரணம், சிலர் வீட்டுக்குப் போன பிறகு இறப்பதுதான். மருத்துவமனைக்குள் நடந்த இறப்பை மட்டும் எண்ணினால் அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

குடல் இணைப்பு கசிவது பெரும்பாலும் முதல் வாரத்தில் தெரிந்துவிடும். சிலருக்கு அதற்குப் பிறகும் வரும். காய்ச்சல், குளிர் நடுக்கம், வயிறு உப்பி வலி கூடுவது, நாடி வேகமாக ஓடுவது, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாவது, நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று குழம்பிப் பேசுவது: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு பல வாரங்கள் வரை இந்த ஆபத்து உண்டு. சிலருக்கு வீட்டிலும் நான்கு வாரம் தொடர வேண்டிய ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி எழுதிக் கொடுப்பார்கள். வலிக்கிறது என்று பாதியில் விட்டுவிடக் கூடாது. "பச்சை உடம்பு, படுத்தே இருக்கட்டும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்த ஆபரேஷனுக்கு அது சரிப்படாது. முதல் நாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும்.

சித்தேரி, வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி மலைக் கிராமங்களில் இருப்பவர்கள், முடிந்தால் முதல் இரண்டு வாரமாவது அடிவாரத்தில் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. டிஸ்சார்ஜ் சீட்டைப் பீரோவில் பூட்டாமல் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். 108-க்கு அழைத்தால் "குடல் ஆபரேஷன் ஆகி இத்தனை நாள் ஆகிறது" என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, முடிந்தவரை ஆபரேஷன் செய்த மருத்துவமனைக்கே கொண்டு போகக் கேளுங்கள்.